பூட்டுப் படம்

அந்தக் கேமராவைத் தூக்கிக் குப்பையில் போடு என்று பல்லுக்காரியிடம் சொன்னவர்கள் மூன்று பேர். முதல் ஆள் பஸ் நிலையத்து ரிப்பேர் கடைக்காரன். லென்ஸ் மாட்டிக்கொண்டது, பொத்தானும் செத்துவிட்டது, வயர் செருகும் ஓட்டையும் நசுங்கியிருக்கிறது, இதற்கெல்லாம் இப்போது பார்ட்ஸ் எங்கே வருகிறது என்று திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டான். இரண்டாவது ஆள் அவளுடைய நாத்தனார். மூன்றாவது ஆள் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கேமராவே அவனுடையது, அவள் புருஷன்.

பல்லுக்காரி என்றால் பல் பிடுங்குகிறவள் இல்லை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறாள். இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் கடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்வாள். தெருவில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு அவள் கை வேலைதான். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. காயாத துணிகள் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கின. ஜன்னல் ஓரமாகச் சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, வெள்ளைத் துவாலை ஒன்றை விரித்தாள். வேலைக் கூடத்திலிருந்து கேட்டு வாங்கிவந்த உருப்பெருக்கிக் கண்ணாடி, கிடுக்கி, வளைந்த கொக்கி, பூனை மீசை போன்ற பிரஷ், ஒரு துண்டு மெழுகு. ஸ்க்ரூ டிரைவர் மட்டும் தெருமுனை மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருடையது. ‘ஸ்க்ரூ தலை தேஞ்சா உன் தலை, டிரைவர் முனை தேஞ்சா என் தலை. ரெண்டு தலையும் பத்திரமா வரணும்’ என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

“இன்னிக்கு இதுவா வேலை?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் நாத்தனார். குடையை மடக்கி வாசலில் சாய்த்தாள். கையில் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக கம்பெனி கொடுத்த கடிதம் இருந்தது.

“ஆமா அண்ணி. டீ அடுப்புல இருக்கு, ஊத்திக்குங்க.”

“டீ கெடக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. இதுல அவன் ஒரு கையெழுத்து போட்டுட்டா கம்பெனி கேட்டுல காவலுக்கு நாற்காலி போட்டு உக்காத்தி வைக்கிறோம்னு சொல்றாங்க. வேற எவன் குடுப்பான் கால் ஒடிஞ்சவனுக்கு வேலை? நீ என்னடான்னா செத்த பெட்டியை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறே.”

முன்னறையில் கட்டில் முனகியது. கட்டிலில் அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், படுத்திருந்தான். இடது காலில் முழங்காலுக்குக் கீழே நான்கு இரும்புக் கம்பிகள் வெளியே தெரிந்தன. படுத்துப் பதினான்கு வாரம் ஆகிறது. ஊன்றுகோல் ஒரு ஜோடி சுவரோரமாகப் புத்தம் புதிதாக நின்றது. நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியே மூன்று வாரம். அவன் அதைத் தொடவில்லை.

அந்தக் கடிதத்தில் ஐந்து வரிதான். மெயின் சுவிட்சைப் பூட்டாமல் குழிக்குள் இறங்கியது என் கவனக்குறைவு என்று அவன் ஒப்புக்கொள்கிற மாதிரி கம்பெனி டைப் அடித்துக் கொடுத்திருந்தது.

லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கி வேலை செய்பவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவன் உள்ளே இருக்கும்போது வேறு எவனும் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. அன்றைக்கு எவனோ போட்டுவிட்டான். லிஃப்ட் இறங்கியது. மூலையில் உருண்டதால் உயிர் பிழைத்தது, கால் மாட்டிக்கொண்டது. பூட்டே அங்கே இல்லை என்றது கம்பெனி. தலையில் அடிபட்டதில் அவனுக்கு அந்தக் காலைப் பொழுதே நினைவில் இல்லை.

ஆனால் பல்லுக்காரிக்கு ஒரு விஷயம் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒருநாள், ‘இன்னிக்குப் பூட்டுப் போட மறந்தே போயிட்டேன், நல்லவேளை’ என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். அன்றைக்கு வாங்கிய சத்தியம்: தினமும் பூட்டைப் படம் பிடித்து வந்து காட்ட வேண்டும். வேலைக்குப் போகும் கட்டடங்களில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இந்தச் சின்னக் கேமராவை மட்டும் விடுவார்கள், ஆபீஸுக்கு வேலைப் படம் வேண்டுமே. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேமராவை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவான். “பாத்தியா?” என்பான். “பாத்தேன். சாப்பிட வாங்க” என்பாள். பல நாள் திரும்பிப் பார்க்காமலேகூடச் சொல்லியிருக்கிறாள். பதினோரு வருஷம்.

விபத்து நடந்த அன்று கேமராவின் மெமரி கார்டு ஆபீஸில் இருந்தது. மாதாந்தரப் படங்களுக்காக சூப்பர்வைசர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். கார்டு இல்லாவிட்டாலும் கேமரா தன் வயிற்றுக்குள்ளேயே ஏழெட்டுப் படம் வைத்துக்கொள்ளும் என்று அவன் ஒருமுறை சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த வயிற்றைத்தான் இப்போது திறக்கப் போகிறாள்.

“எடுத்திருந்தா அதுக்குள்ள இருக்கும் அண்ணி. அவ்வளவுதான் விஷயம்.”

“எடுக்காம இருந்திருந்தா?” என்றது முன்னறைக் குரல்.

பல்லுக்காரி கேமராவைத் துவாலையில் வைத்தாள். வாய் திறந்த நோயாளியைப் பார்ப்பது போல லென்ஸ் தன்னைப் பார்க்கும்படி நிறுத்திக்கொண்டு, முதல் ஸ்க்ரூவில் டிரைவரை வைத்தாள். கையை நடுங்க விடாமல் இருப்பது அவளுக்குத் தொழில். கடுகில் பாதி அளவு ஸ்க்ரூ கழன்று வந்தது. டிரைவர் முனையில் துளி மெழுகு தொட்டிருந்ததால் கீழே விழாமல் ஒட்டிக்கொண்டே வந்தது. மெழுகுத் துண்டைச் சூடு காட்டி வளைத்து, பல் வரிசை மாதிரி வைத்து, அதில் ஒவ்வொரு ஸ்க்ரூவாக அதனதன் இடத்தில் நட்டாள். மொத்தம் ஆறு. ஐந்து குட்டை, ஒன்று மட்டும் நெட்டை.

“அட, ஸ்க்ரூவுக்கும் பல்லு கட்டுறியா?” என்றாள் நாத்தனார். அவளையும் அறியாமல் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

“தொலைஞ்சா எங்க போய்த் தேடுறது? இங்க தும்மக்கூடக் கூடாது.”

பின்பக்க மூடி சுலபமாக வந்தது. முன்பக்க மூடி முரண்டு பிடித்தது. நகத்தை விட்டு நெம்பினாள். மூடி டப்பென்று கழன்றதும் உள்ளே விரலை விட்டு எடுக்கப் போனாள். அவ்வளவுதான், பளீரென்று தோள்பட்டை வரை ஓர் உதறல். “அய்யோ!” என்று கையை இழுத்ததில் கிடுக்கி பறந்து சுவரில் மோதியது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்துபோனாள் நாத்தனார்.

“என்னாச்சு? ஏய், என்னாச்சு?” கட்டில் பலமாகக் கிறீச்சிட்டது.

“கரண்ட் அடிச்சிருச்சுங்க. பேட்டரியைக் கழட்டித்தான் வச்சேன்!”

“அறிவிருக்கா உனக்கு? ஃப்ளாஷுக்குப் பக்கத்துல கறுப்பா உருளையா ஒண்ணு இருக்கும் பாரு. பேட்டரி இல்லாட்டியும் அது கரண்டைப் பிடிச்சு வச்சிருக்கும். தொடாதே! திரும்பத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்!”

“ஒடிக்க எந்திரிச்சு வாங்க, பார்க்கலாம்” என்றாள் அவள். விரல் இன்னும் மரத்துப்போய் இருந்தது. ஆனால் அவன் குரல் அந்த மாதிரி வந்து பதினான்கு வாரம் ஆகிறது என்பது அவளுக்கு உறைத்தது.

“கட்டிலை நகர்த்துங்க அண்ணி” என்றாள். இரண்டு பேரும் பிடித்துத் தள்ளியதில் கட்டில் கதவு வாசலுக்கு வந்தது. இப்போது அவனுக்கு மேஜை தெரிந்தது. பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரோடு கழற்றி அதில் இரண்டு வயர் மாட்டச் சொன்னான். வயர் நுனி எவ்வளவு சீவ வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல அவள் செய்தாள். வயர் நுனிகள் அந்தக் கறுப்பு உருளையின் கால்களைத் தொட்டதும் பல்பு ஒரே ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தது.

“போச்சு. இனிமே அது பூனைக்குட்டி” என்றான்.

டீ ஆறிப்போனது. நாத்தனார் எழுந்து மறுபடி சுடவைத்து, ரொட்டியை வாட்டி, முட்டை வேகவைத்து மூன்று பேருக்கும் கொண்டுவந்தாள். உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அவன் வெளியே மழையைப் பார்த்தான்.

“அன்னிக்கும் மழைதான்” என்றான். “உன் மழைக் கோட்டை நான் கூட வேலை பாக்குற பையன் ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்னு நீ காலையிலயே சண்டை போட்டே. நனைஞ்சுகிட்டே போனே.”

“ஆமா, போனேன். அதுக்கென்ன இப்ப?”

“வாசல்ல செருப்பு போடும்போது நினைச்சேன். இன்னிக்கு இவகிட்டப் படம் காட்டக் கூடாதுன்னு. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல.” முட்டையைத் தட்டில் வைத்தான். “வீம்புக்குப் படம் எடுக்காம விட்டவன், பூட்டை மட்டும் போட்டிருப்பானா? அதான் சொல்றேன், மூடிரு. அவங்க சொல்றது பொய்யின்னு இப்ப நினைச்சுக்கிட்டாவது படுத்திருக்கேன். திறந்து பார்த்து, உள்ள ஒண்ணுமில்லேன்னு ஆயிட்டா?”

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. “அதுக்குத்தான் தம்பி சொல்றேன், கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா இருன்னு.”

பல்லுக்காரிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன. அந்த மழைக் கோட்டைப் பற்றிப் பதினான்கு வாரமாக அவளும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாழாய்ப்போன கோட்டுக்காக அன்று காலையில் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாமே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

“ஒண்ணுமில்லேன்னா கையெழுத்தை நானே பிடிச்சுப் போட வைக்கிறேன்” என்றாள். “செய்யாத தப்புக்கு நீங்க தலை குனியக் கூடாது. செஞ்சிருந்தா குனியணும். ரெண்டுல எதுன்னு தெரியாம கேட்டுல போய் உக்காந்து வர்றவன் போறவனுக்கெல்லாம் சலாம் போடுறதை நான் பார்க்க மாட்டேன். சாப்பிடுங்க.”

அவன் சாப்பிட்டான்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். பொத்தான்களிலிருந்து வரும் தட்டையான ரிப்பன் வயர், கேமரா குழியில் விழுந்த வேகத்தில் தன் இடத்தை விட்டுப் பாதி வெளியே வந்திருந்தது. இமை மாதிரி ஒரு சின்ன மூடியைத் தூக்கி, ரிப்பனை உள்ளே தள்ளி, மூடியை அழுத்தினாள். லென்ஸைச் சுற்றும் பல் சக்கரங்களைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“இங்கயும் பல்லுதாங்க. ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒரு சிமெண்டுத் துணுக்கு சிக்கிக்கிட்டிருக்கு.”

“குத்தாதே. பல்லு உடைஞ்சா தீர்ந்துச்சு. சக்கரத்தைப் பின்னாடி சுத்திப் பாரு, தானா கக்கும்.”

கொக்கியால் சக்கரத்தைப் பின்பக்கமாக ஒரு பல் நகர்த்தினாள். அசையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி நகர்த்தினாள். துணுக்கு துள்ளி வெள்ளைத் துவாலையில் விழுந்தது. எள்ளளவு. இதற்காகவா இத்தனை நாள் என்று அதை வெறித்துப் பார்த்தாள். பிரஷ்ஷால் மிச்சம் மீதியைக் கூட்டினாள்.

மூடும் வேலை. கேமராவைக் குப்புறப் படுக்க வைத்து, மூடிகளைப் பொருத்தி, மெழுகு வரிசையிலிருந்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கினாள். நெட்டை ஸ்க்ரூ கடைசிச் சுற்றில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. அவசரத்தில் அதையும் அழுத்தித் திருகிவிட்டாள். பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அமுக்கியதும் லென்ஸ் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

“வந்துருச்சு! வந்துருச்சுங்க!”

நாத்தனார் கைதட்டினாள். ஆனால் திரையின் ஓரத்தில் மை கொட்டியது போல ஒரு கறுப்பு கிளம்பி அவர்கள் கண்ணெதிரிலேயே படர ஆரம்பித்தது. பல்லுக்காரி சட்டென்று அணைத்தாள்.

“எதையோ எது மேலயோ அழுத்தியிருக்கே” என்றான் அவன். “எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சு?”

“வரிசையாத்தானே வச்சேன். வலது பக்கம் இருந்ததை வலது பக்கம், இடது பக்கம்…” சொல்லிக்கொண்டே மெழுகைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “அய்யய்யோ. நான் ஒரு மக்கு.”

பல் வேலையில் வலது என்றால் நோயாளியின் வலது. எதிரே உட்கார்ந்திருப்பவளின் வலதை அங்கே யாரும் பேசுவதில்லை. பதினாறு வருஷப் பழக்கம். கழற்றும்போது கேமராவை நோயாளியாக எதிரே உட்காரவைத்து, அதன் வலது இடது பார்த்து அடுக்கியிருக்கிறாள். மூடும்போது அது குப்புறப் படுத்து முதுகைக் காட்டியதும் முகத்தை மறந்து, மெழுகில் தன் கைக்கு நேராக இருந்ததை அப்படியே எடுத்து முறுக்கிவிட்டாள். நெட்டை ஸ்க்ரூ எதிர்ப்பக்கத்துக் குட்டை ஓட்டையில் போய்த் திரையைக் குத்தியிருக்கிறது.

“உனக்கு வலது இடதுகூடவா தெரியாது?” என்றாள் நாத்தனார்.

“அடுத்தவங்க வலதுதான் அண்ணி தெரியும். என் வலது மறந்துபோச்சு.”

திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. “கழட்டி மாத்திப் போடு. மெதுவா. நேரம் இருக்கு” என்றான். அந்த ‘நேரம் இருக்கு’ அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மாற்றிப் போட்டாள். கறுப்பு படர்வது நின்றது. ஆனால் திரையில் இடது பாதி போனது போனதுதான்.

மணி நான்கு. மழை விட்டு ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. படம் பார்க்கும் பொத்தானை அமுக்கினாள். உள்ளே மூன்று படங்கள் என்றது கேமரா. கடைசியாக எடுத்ததுதான் முதலில் வந்தது. மிஞ்சிய பாதித் திரையில் குழியின் அடித்தரை, தேங்கிய தண்ணீர். அம்புக்குறியை அமுக்கினாள். எண்ணெய் வழிந்த பெரிய ஸ்ப்ரிங் ஒன்றின் பாதி. இனி ஒன்றுதான் பாக்கி. அமுக்கினாள். பச்சை அடித்த சுவர், ஒரு வயர் குழாய். மிச்சமெல்லாம் கறுப்புக்குள் போயிருந்தது.

“வெறும் சுவரு” என்று கட்டிலில் சாய்ந்தான் அவன். “நான்தான் சொன்னேனே.”

“இருங்க.”

படத்தைப் பெரிதாக்கும் விசையைத் தள்ளினாள். அம்புக்குறியால் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல பாதிப் பக்கம் நகர்த்தினாள். கறுப்பின் ஓரத்திலிருந்து ஒரு சாம்பல் பெட்டியின் விளிம்பு வந்தது. பிறகு கீழே இறக்கிவிட்ட கைப்பிடி. பிறகு ஒரு பித்தளைப் பூட்டு, அதன் அடியில் அவன் எப்போதும் சுற்றிவைக்கும் நீலப் பிசின் நாடா. பூட்டிய பூட்டு. அதற்குக் கீழே தொங்கிய சிவப்பு அட்டை.

பல்லுக்காரிக்கு உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள்ளேயே கண்ணீர் கொட்டிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. கேமராவை நாத்தனாரிடம் நீட்டினாள். கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாத நாத்தனார் கையை முழு நீளத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

“ஆள் உள்ளே. சுவிட்சைத் தொடாதே. தேதி போட்டிருக்கு… அந்தத் தேதிதான். பத்து நாப்பது. உன் பேரு, உன் கையெழுத்து. தம்பி, பூட்டியிருக்கேடா! பூட்டியிருக்கே!” என்று கத்தியவள் மறுபடி கையை நீட்டினாள். “கீழ என்னமோ பொடியா எழுதியிருக்கு. கோட்டு… திரும்ப… வாங்கிட்டேன். கோபம்… போச்சா?”

கொடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

“அடப்பாவி” என்றாள் நாத்தனார். “சுவிட்சு அட்டையிலயாடா பொண்டாட்டிக்குக் கடுதாசி எழுதுவே?”

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்பது பல்லுக்காரிக்குத் தெரியும். புதிதாக வாங்கி வைத்திருந்த கார்டைக் கேமராவில் செருகி, படங்களை அதில் ஏற்றினாள். ஏறிவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு கார்டைக் கழற்றி, பல் செட் வைக்கும் சின்ன டப்பிக்குள் போட்டு மூடினாள்.

நாத்தனார் அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்தாள். ஒருமுறை பார்த்துவிட்டு, நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினாள். மேஜை ஆடுவது நின்றது. சோறு வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனாள்.

“ஏய்” என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நாளைக்கு அத்தனை ஆபீஸரும் இருப்பாங்க. அந்தக் கடைசி வரியையும் படிப்பாங்களே.”

“படிக்கட்டும்.”

“சிரிப்பாங்கடி.”

“சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சிட்டு அந்தப் பூட்டை எவன் எடுத்தான்னு சொல்லட்டும்.”

அவள் கேமராவைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொத்தானை அமுக்கி, பாதி கறுத்த திரையில் பூட்டை வரவழைத்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். பதினான்கு வாரம் தாமதம்.

“பாத்தியா?”

இந்தத் தடவை அவள் நன்றாகப் பார்த்தாள். பூட்டை, நாடாவை, தேதியை, பொடி எழுத்தில் எழுதிய கடைசி வரியை. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தாள்.

“பாத்தேன்” என்றாள். “சாப்பிட வாங்க.”

சொல்லிவிட்டுத்தான் அவன் எழுந்து வந்து பதினான்கு வாரம் ஆனது அவளுக்கு நினைவுக்கு வந்தது. தட்டைக் கட்டிலுக்கே கொண்டு வரலாம் என்று திரும்பினாள். “அதை எடு” என்று சுவரோரம் நின்ற ஊன்றுகோலைக் காட்டினான் அவன். “பத்து மணிக்கு அங்க நடந்து போகணும்னா, முதல்ல மேஜை வரைக்கும் நடந்து பார்க்கணுமில்ல?”